படி வைத்த இறக்கை

சனிக்கிழமை ராத்திரி. சாப்பாட்டு மேசையில் கிடந்த இறக்கையை முன்னாலிருந்து பின்னால் விரலால் தடவிக்கொண்டே வந்த அக்கா மகன், பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, நடுவுல படி மாதிரி நிக்குதே. தேய்க்க மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்தப் படிக்காகத்தான் இந்த இறக்கையையே செய்தேன். அவனுக்கு அன்று ராத்திரி சொல்ல ஆரம்பித்தது மறுநாள் காலை கண்மாயில் விமானம் பறக்கிற வரைக்கும் நீண்டது. ரிமோட் விமானம் செய்ய ஆசைப்பட்டு, இறக்கைக்கு வந்ததும் கைவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விமானத்தின் உடம்பு கஷ்டமில்லை. ஒரு நீளப் பெட்டி, அவ்வளவுதான். வால் என்பது இரண்டு தட்டைத் துண்டுகள். மோட்டார், சர்வோ, பேட்டரி எல்லாம் விலைக்கு வாங்குவது. இறக்கைதான் நம்மை மிரட்டும். அதன் குறுக்குவெட்டைப் படத்தில் பார்த்தால் மீன் மாதிரி இருக்கும்: முன்னால் உருண்டு, மேலே வளைந்து, பின்னால் கூராக முடியும். அந்த வளைவைக் கொண்டுவர, பால்சா மரத்தில் விலா எலும்பு மாதிரி ஒவ்வொன்றாக வெட்டி வரிசையாக நிறுத்தி மேலே தாள் போர்த்தலாம். இல்லையென்றால் நிக்ரோம் கம்பியைச் சூடேற்றி, தெர்மாகோல் கட்டியின் இரண்டு முனையிலும் அச்சு வைத்து, இரண்டு பேர் ஒரே வேகத்தில் இழுத்து அறுக்கலாம். ஒருவர் கை ஒரு கணம் நின்றாலும் அங்கே பள்ளம் விழுந்துவிடும். இரண்டும் அருமையான வேலைகள். பழகினவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒரு கட்டர் கத்தியும் ஸ்டீல் ஸ்கேலும் மட்டும் வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பையன் எங்கே போவான்?

அதனால் பலரும் ஒற்றை ஷீட்டை வெட்டி அப்படியே இறக்கையாக வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தட்டை இறக்கையும் பறக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வேகம் குறைந்த நேரத்தில் திருப்பும்போது மூக்கைக் கொஞ்சம் கூடத் தூக்கிவிட்டால், ஒரு பக்க இறக்கை சட்டென்று விழும். காற்று மேற்பரப்போடு ஒட்டி ஓடாமல் பிரிந்துபோகிற இந்த நிலைக்குத்தான் ஸ்டால் என்று பெயர். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அது நடந்தால் சமாளிக்க நேரம் கிடைக்காது. என் முதல் விமானம் அப்படித்தான் போனது. போதாக்குறைக்கு, 5 மி.மீ. ஷீட் வேகத்தில் தோசைக்கரண்டி மாதிரி வளையும்.

வளைந்த இறக்கைக்கும் தட்டை இறக்கைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது பிறந்தது ஒரு காகித விமானத்தில்.

ரிச்சர்ட் க்ளைன் அமெரிக்காவில் விளம்பரத் துறையில் இருந்தவர். 1960-களில் அவருக்கு ஓர் ஆசை: பலமான காற்றிலும் குலையாமல் மேலே ஏறி, தானாகவே மட்டமாகி, நெடுந்தூரம் சறுக்கி இறங்குகிற ஒரு காகித விமானம் வேண்டும். வருஷக்கணக்கில் மடித்து மடித்துப் பார்த்தார். கடைசியில் கிடைத்த வடிவத்தில், இறக்கையின் அடிப்பக்கம் பாதியில் மடிப்பு முடிந்து ஒரு படி நின்றது. அதை ஃப்ளாய்ட் ஃபோகிள்மன் என்ற நண்பரிடம் காட்டினார். ஃபோகிள்மன் விமானம் ஓட்டத் தெரிந்தவர். ஸ்டால் ஆகவேண்டிய நிலையிலும் அது ஆகாமல் பறப்பதைப் பார்த்துவிட்டு இதில் விஷயம் இருக்கிறது என்றார். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து 1972-ல் காப்புரிமை வாங்கினார்கள், 1977-ல் இன்னொன்று. 1973-ல் 'டைம்' பத்திரிகை எழுதியது, '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியிலும் காட்டினார்கள். 1985-ல் க்ளைன் தன் காகித விமானத்தைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

ஒரு மனிதர் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்து இவ்வளவு தூரம் வந்தார் என்பது இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம் தருகிறது. எங்கள் வீட்டிலும் பழைய கணக்கு நோட்டுகள் நிறைய உண்டு.

அவர்கள் சொன்ன விளக்கம் இதுதான். படியைத் தாண்டும் காற்று அதன் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒரு சுழலாக மாட்டிக்கொள்கிறது. மேலே போகும் காற்று அந்தச் சுழலின் மேல் உருளைமேல் வழுக்குவது போலப் போய், மறுபடி இறக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. வாய்க்காலில் ஒரு கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க, மேல் தண்ணீர் அதைத் தாண்டி ஓடுமே, கிட்டத்தட்ட அப்படி.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுபதுகளில் இதைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்த விடை அவ்வளவு இனிப்பாக இல்லை. ஏற்றவிசைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், படி வைத்த ஆப்பு வடிவம் வெறும் தட்டைப் பலகையைக்கூட மிஞ்சவில்லை. படிக்குப் பின்னால் சுற்றுகிற சுழல் இனாமாக வருவதில்லை. அது இழுவிசையைக் கூட்டுகிறது. நிஜ விமானங்களில் இந்த இறக்கை ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் சொல்லவேண்டிய பதில் இதுதான். படி இறக்கையை அதிசயக் கண்டுபிடிப்பு என்று சொல்லி உங்களிடம் விற்க எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் ஏன் செய்கிறேன்? நம் விமானம் பறக்கிற உலகமே வேறு. என் இறக்கை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 200 மி.மீ. அகலம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,30,000 வரும். பயணிகள் விமானத்துக்கு இது கோடிகளில் இருக்கும். இந்த எண் கீழே போகப்போக, காற்றின் பிசுபிசுப்பு கூடுதலாகத் தன் வேலையைக் காட்டும். வழவழப்பான இறக்கையிலேயே காற்று சீக்கிரம் பிரிந்து போகும். அதனால்தான் சின்ன மாடல்களில் இறக்கையின் மேல் மெல்லிய நூலோ டேப்போ ஒட்டி, வேண்டுமென்றே காற்றைக் கலைத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. இந்த அளவில் மேடுபள்ளம் பறப்பதற்கு எதிரியாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தட்டான் பூச்சியின் இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் ஓலை விசிறி மாதிரி மேலும் கீழும் மடிப்பு மடிப்பாக இருக்கும். அது நம் விமானத்தைவிட இன்னும் மிகச் சிறிய அளவில் பறக்கிறது, இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மடிப்புகளோடுதான் அது அவ்வளவு லாகவமாகப் பறக்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். காப்புரிமையில் இருந்தது ஆப்பு வடிவம். 2000-களில் ஃபோம் ஷீட்டில் விமானம் செய்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஷீட் மேல் ஷீட்டை அடுக்கினார்கள். அந்த மாற்றத்தைக் குறிக்கத்தான் இந்த வகைகளுக்குக் கே.எஃப்.எம். என்று பெயர்; முதல் இரண்டு எழுத்து க்ளைன், ஃபோகிள்மன் பெயர்களுக்காக, கடைசி எழுத்து 'மாற்றப்பட்டது' என்பதற்காக. மேலே ஒரே படி, அதுவும் சரிபாதியில் நின்றால் கே.எஃப்.எம். 2. மேலே பாதியில் ஒன்று, முக்காலில் ஒன்று என்று இரண்டு படி வைத்தால் கே.எஃப்.எம். 3. மேலும் கீழும் பாதியில் ஒவ்வொரு படி வைத்தால் கே.எஃப்.எம். 4, தலைகீழாகவும் பறக்கவேண்டிய சாகச விமானங்களுக்கும் பறக்கும் இறக்கைகளுக்கும் அதை வைப்பார்கள். முதன்முதலாகச் செய்கிறவருக்கு 2 போதும். அடுக்குவதாலேயே இறக்கை தடிக்கிறது, விறைக்கிறது, முன்விளிம்பை உருட்ட இடம் கிடைக்கிறது. ஒரு நல்ல இறக்கைக்கு வேண்டிய பாதி லட்சணம் ஸ்கேலும் கத்தியும் வைத்தே வந்துவிடுகிறது.

சரி, செய்யும் கதைக்கு வருகிறேன்.

ஷீட் வாங்கும்போது ஏமாறாதீர்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படுகிற பி.வி.சி. போர்டும் பார்க்க இதே மாதிரி வெள்ளையாக இருக்கும். தூக்கினால் தெரிந்துவிடும், இறக்கைக்கு ஆகாத கனம். நமக்கு வேண்டியது டெப்ரான், பயோஃபோம் என்ற பெயர்களில் ஹாபி கடைகளில் கிடைக்கிற 5 மி.மீ. ஷீட். நான் வெட்டிய 1 மீட்டர் நீளம், 200 மி.மீ. அகலத் துண்டு எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் 36 கிராம் காட்டியது. அதற்கு மேல் முன்பாதியில் மட்டும் 100 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. தலா 18 கிராம். ஆக முன்பாதி 15 மி.மீ. தடிமன், பின்பாதி 5 மி.மீ. அகலத்தில் 7.5 சதவீதம். இந்த வகை இறக்கைக்கு 7 முதல் 9 சதவீதம் தடிமன் என்பது பலரும் செய்து பார்த்துச் சொல்கிற அளவு, அதற்குள் வந்துவிட்டது.

இனி பசை. ஃபோம் வேலையில் பாதி அழுகை பசையால்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதல் தடவை, மரவேலைக்கு வாங்கி வைத்திருந்த கான்டாக்ட் பசையைத் தடவினேன். கண்ணெதிரே ஷீட்டில் குழி விழுந்து, ஓரம் பாகு மாதிரி இழுபட்டது. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் தெர்மாகோல் வகை ஃபோமைக் கரைத்துவிடும். உடனே ஒட்டுகிற சின்ன ட்யூப் பசையும் இதே வேலையைச் செய்யும். இரண்டாம் தடவை வெள்ளைப் பசை. இது ஃபோமைத் தின்னாது. அழகாகத் தடவி, ஒட்டி, பாரம் வைத்தேன். மூன்று நாள் கழித்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தயிர் மாதிரி அப்படியே ஈரமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் காற்றுப் புகாத ஃபோம். தண்ணீர் ஆவியாகிப் போக வழியே இல்லை. ஓரம் மட்டும் காய்ந்து உள்ளே இருப்பதைச் சீல் வைத்துவிட்டது.

சரியாக வந்தது, ஃபோமுக்கு என்றே டப்பாவில் போட்டிருக்கிற ஸ்பிரே பசை. அதையும் முதலில் வெட்டி எறிந்த துண்டில் அடித்து, கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் இறக்கையில் அடித்தேன். இரண்டு பக்கமும் லேசாக அடித்து, தொட்டால் விரலில் வராமல் பிசுபிசுக்கும் வரை விடவேண்டும். அதன்பின் பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. ஒரு மீட்டர் நீளத் துண்டைப் பென்சில் கோட்டில் பிசகாமல் எப்படி வைப்பது? சன்மைக்கா ஒட்டுகிற ஆசாரிகளிடம் கற்றது இங்கே கைகொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்து, மேல் துண்டைக் கோட்டுக்குச் சரியாக வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே உள்ளங்கையால் அழுத்தினால் அழகாக உட்கார்ந்துவிடும். தாளை அக்கா மகன் உருவினான், நான் அழுத்தினேன்.

ஒட்டியதைச் சமையலறைக் கிரானைட் மேடையில் வைத்து மேலே கனத்த அகராதிகளை அடுக்கினேன். மட்டமில்லாத இடத்தில் வைத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு 3 மி.மீ. இருந்தாலும் வானத்தில் விமானம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். காய்ந்ததும் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பின்விளிம்பு முழுக்க ஒரே கோடாகத் தெரியவேண்டும்.

இறக்கையை நடுவில் வெட்டி, ஒவ்வொரு முனையும் 50 மி.மீ. உயரும்படி, ஆங்கில வி எழுத்து மாதிரி விரித்து வைத்தேன். எய்லரான் இல்லாமல் ரடரை வைத்தே திருப்புவதற்கு இந்த உயர்த்தல் வேண்டும். நடுவில் 3 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று. தடித்த பகுதியில் அடியிலிருந்து கீறல் போட்டு 4 மி.மீ. கார்பன் ராடைப் புதைத்து எபாக்ஸியால் நிரப்பினேன். எபாக்ஸி ஃபோமைத் தின்னாது. கார்பன் ராடு கிடைக்காத காலத்தில் நன்றாகச் சீவிய மூங்கில் பட்டையை வைத்திருக்கிறேன். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் தாங்கும்.

அடுத்தது தேய்ப்பு. முன்விளிம்பை 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 320-ல் முடித்து, நன்றாக உருட்டவேண்டும். ஆனால் படியைத் தொடக்கூடாது. அந்த விளிம்பு செங்குத்தாக, கூர்மையாக நிற்கவேண்டும். கை சும்மா இருக்காது. அங்கே ஒரு படி நிற்பதைப் பார்த்தாலே தேய்த்துச் சரிவாக்கத் தோன்றும். கலர் டேப் ஒட்டும்போதும் அதே கவனம் வேண்டும். படியின் விளிம்போடு டேப்பை அறுத்துவிடுங்கள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு டேப்பை இழுத்து ஒட்டினால் அங்கே ஒரு கூடாரம் உண்டாகி, படி என்பதே இல்லாமல் போகும். அக்கா மகன் கேள்விக்கு மேசையில் வைத்தே இதைக் காட்டினேன். நகத்தை வைத்து அந்த விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டிப் பார்த்தான். ஓர் இடத்தில் கத்தி நழுவிய சின்னக் கடி ஒன்று நகத்தில் தட்டியது. அதை மட்டும் ஒரு சொட்டு எபாக்ஸி வைத்து அடைத்தோம்.

எல்லாம் சேர்த்து இறக்கை 104 கிராம். மோட்டார், 1300 எம்.ஏ.எச். மூன்று செல் பேட்டரி, இரண்டு 9 கிராம் சர்வோ எல்லாம் ஏற்றிய பிறகு முழு விமானம் 520 கிராம். இறக்கையை உடம்போடு ரப்பர் பேண்டால்தான் கட்டுகிறேன். விழுந்தால் இறக்கை கழன்றுகொள்ளும், உடையாது. முன்விளிம்பிலிருந்து 55 மி.மீ. பின்னால் இரண்டு பக்கமும் விரல் நுனியில் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்கவேண்டும். நிற்கும் வரை பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படவே வேண்டாம். பின்பாரம் ஏறிய விமானத்தை எந்த இறக்கையும் காப்பாற்றாது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்மாயில் இருந்தோம். மேலூர் பக்கம் சித்திரையில் கண்மாய்கள் வற்றி, களிமண் வெடித்து, பெரிய மைதானமாகக் கிடக்கும். பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம். 2021 ட்ரோன் விதிகள் வந்தபிறகு இதைச் செய்யாமல் கிளம்பக்கூடாது.

கையால் எறிந்ததுமே விமானம் மெதுவாக, மட்டமாக ஏறியது. 40 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், மோட்டாரைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல மெல்ல முழுக்க இழுத்தேன். பழைய தட்டை இறக்கை இந்த இடத்தில்தான் ஒரு பக்கம் சாய்ந்து விழும். இது மூக்கை இரண்டு மூன்று தடவை தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு, அப்படியே மட்டமாக இறங்கிக்கொண்டே வந்தது. எலிவேட்டரை விட்டதும் உடனே பறக்க ஆரம்பித்தது. ஐந்து தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவைகூட இறக்கை சரியவில்லை.

"மாமா, அப்ப அந்தப் படிதான் காரணமா?"

படி மட்டும்தான் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. புதிய இறக்கை பழையதைவிட மூன்று மடங்கு தடித்தது, வளையாதது, முன்விளிம்பு உருண்டது. இந்த மூன்றுமே ஸ்டாலை மிருதுவாக்கும். இதில் படியின் பங்கு எவ்வளவு என்று கண்மாயில் நின்றுகொண்டு பிரிக்க முடியாது. எனக்குத் தெரிந்தது, ஒரு ராத்திரி வேலையில், மூன்று அடுக்கு ஷீட்டில், ஒரு பையன் நம்பி ரிமோட்டைக் கையில் வாங்கக்கூடிய இறக்கை கிடைத்திருக்கிறது. அன்றைக்கு அவன்தான் மீதி நேரம் ஓட்டினான். உயரத்தில் வைத்துத் திருப்பப் பழகினான். தப்புச் செய்தபோதெல்லாம் ரிமோட்டின் குச்சியை விட்டான், விமானம் தானே மட்டமானது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேக்கேருந்து காத்து ஏறப்போகுது தம்பி. இறக்கிருங்க."

அவர் சொல்லிப் பத்து நிமிஷம் இருக்காது, புழுதி எழுந்தது. இறக்கும்போது எதிர்க்காற்றில் விமானம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே தொங்கியது. அப்படியே நழுவிக் கரையோரச் சீமைக்கருவேலத்தில் போய் உட்கார்ந்தது. பெரியவர் தொரட்டியால் கிளையை வளைத்துக் கொடுக்க, நான் எடுத்தேன். இறக்கையின் கீழ்த் தட்டில் நாலு முள் ஏறியிருந்தது. ஒன்று இரண்டு அடுக்கைத் துளைத்து மூன்றாவதில் நுனி ஒடிந்து நின்றது. அதை இடுக்கியால் பிடுங்கி, ஓட்டைகளுக்கு டேப் ஒட்டினோம். படியின் விளிம்பு ஒரு நூல்கூடக் கலையவில்லை.

வண்டியில் வரும்போது அவன் கேட்டது எய்லரான் வைத்து, தலைகீழாகவும் பறக்கிற ஒன்று. ஆக அடுத்தது கே.எஃப்.எம். 4; மேலே ஒரு படி, கீழே ஒரு படி, விரிப்பு இல்லாத நேர் இறக்கை. இன்று சாயங்காலம் முதல் இரண்டு அடுக்கை அவனே ஒட்டினான். தாளை நான் உருவினேன், அவன் அழுத்தினான். இப்போது கிரானைட் மேடையில் அகராதிகளுக்கு அடியில் கிடக்கிறது. காலையில் அக்கா தோசை ஊற்ற வருவதற்குள் எடுத்துவிடவேண்டும்.